அவள் மூளை, அவள் கையெழுத்து

"மூளைக்குப் பரவிடுச்சு" என்று மருத்துவர் சொன்னதும் அந்த அறையில் ஒரு மாற்றம் நடக்கிறது. அதுவரை நோயாளியைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தவர், கணவனையோ மூத்த மகனையோ பார்த்துப் பேசத் தொடங்குகிறார். "அம்மாவைக் கொஞ்சம் வெளியில உட்காரச் சொல்லுங்க" என்கிறார். மார்பை அகற்றியபோதும், கீமோ ஏற்றியபோதும், முடி கொட்டியபோதும் எல்லாவற்றையும் தானே கேட்டுத் தெரிந்துகொண்ட பெண், இப்போது தாழ்வாரத்து பெஞ்சில் ஸ்கேன் கவரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவளுடைய மூளையைப் பற்றி உள்ளே மற்றவர்கள் முடிவெடுக்கிறார்கள்.

இதை இரக்கம் என்று சொல்வார்கள். பெண்ணின் சொல்லுக்கு இந்தச் சமூகம் என்றைக்குமே முழு மதிப்புக் கொடுத்ததில்லை. மூளையில் கட்டி என்றதும், கொடுத்துவந்த அரை மதிப்பையும் திரும்ப வாங்கிக்கொள்ள ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது. மார்பகப் புற்றுநோய் மூளைக்குப் பரவிய பெண்ணின் அறிவை, ஏற்கெனவே போய்விட்ட ஒன்றாகவே எல்லோரும் கணக்கில் வைக்கிறார்கள். மருந்து ஆய்வு செய்பவர்கள், கதிர்வீச்சு கொடுப்பவர்கள், விலை வைப்பவர்கள், வீட்டில் இருப்பவர்கள் என யாரும் இதற்கு விலக்கில்லை. இதுதான் என் குற்றச்சாட்டு. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

தலைவலி என்ற சாட்சியம்

மார்பகப் புற்றுநோய் மூளைக்குப் போனால் அது மூளைப் புற்றுநோய் ஆகிவிடாது. மார்பில் தோன்றிய அதே செல்கள்தான் இரத்தத்தின் வழியாகப் போய் மூளையில் தங்கியிருக்கின்றன. எந்த வகை மார்பகப் புற்றுநோய் என்பதைப் பொறுத்தே அதற்கான மருத்துவமும் அமையும். ஹெர்2 என்ற புரதம் மிகுந்த வகையில், நோய் உடலில் பரவிய பெண்களில் பாதிப் பேர் வரை ஏதோ ஒரு கட்டத்தில் மூளைப் பரவலைச் சந்திக்கிறார்கள். ‘டிரிபிள் நெகட்டிவ்’ வகையிலும் இது அதிகம்.

டிராஸ்டுசுமாப் போன்ற மருந்துகள் நுரையீரலிலும் கல்லீரலிலும் எலும்பிலும் நோயை நன்றாகக் கட்டுப்படுத்துகின்றன. அதனால் பெண்கள் கூடுதல் ஆண்டுகள் வாழ்கிறார்கள். ஆனால் பெரிய மூலக்கூறுகளை எளிதில் உள்ளே விடாத தடுப்பு ஒன்று மூளையின் இரத்தக் குழாய்களில் இருக்கிறது. மூளையைக் காக்க அமைந்த அந்தத் தடுப்புக்குப் பின்னால் புற்றுச் செல்கள் ஒளிந்துகொள்கின்றன. ஆகவே கழுத்துக்குக் கீழே மருத்துவம் நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும்போதே பல பெண்களுக்கு மூளையில் நோய் தெரிகிறது. அந்த நேரத்தில் "எல்லாம் முடிஞ்சுபோச்சு" என்று சொல்வது பரிவும் இல்லை, மருத்துவமும் இல்லை.

நுரையீரல் புற்றுநோய் முற்றிய நிலையில் கண்டறியப்பட்டால், அறிகுறி இல்லாவிட்டாலும் மூளையை ஸ்கேன் செய்து பார்ப்பது வழக்கம். மார்பகப் புற்றுநோயில் அந்த வழக்கம் இல்லை. அறிகுறி இல்லாத பெண்களுக்கு மூளை எம்.ஆர்.ஐ. எடுத்தே ஆகவேண்டும் என்று சொல்லும் அளவுக்குச் சான்று சேரவில்லை என்பது வழிகாட்டு நெறிகளின் நிலை. அப்படியென்றால் அபாய மணியை அடிக்க வேண்டியவள் அந்தப் பெண்தான். அவள் வாய்விட்டுச் சொல்லும் தலைவலியை நம்பித்தான் இந்த ஏற்பாடே நிற்கிறது.

பெண்ணின் தலைவலிக்கு நம் வீடுகளில் என்ன மரியாதை என்று நமக்குத் தெரியும். வெயிலில் நின்றிருப்பாய், சரியாகச் சாப்பிடவில்லை, மாதவிடாய் நிற்கிற வயது, தைலம் தேய்த்துக்கொள். காலையில் வாந்தி வந்தால் பித்தம். கையிலிருந்து பாத்திரம் நழுவினால் கவனக்குறைவு. நடக்கையில் ஒரு பக்கம் இழுத்தால் உடம்பு பலவீனம். பேசும்போது சொல் கிடைக்காமல் தடுமாறினால் வயசாகிவிட்டது. மார்பகப் புற்றுநோய்க்கு மருத்துவம் பெற்ற ஒரு பெண்ணிடம் இவற்றில் எது புதிதாகத் தோன்றினாலும், மாத்திரை கொடுத்து அனுப்புவதற்கு முன் மூளையை ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும். பல பெண்களுக்கு அந்த ஸ்கேன் வலிப்பு வந்து விழுந்த பிறகே கிடைக்கிறது.

கண்டுபிடித்த பிறகும் இது நிற்பதில்லை. மூளை வீக்கத்தைக் குறைக்க டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுப்பார்கள். தேவையான மருந்துதான். அது தூக்கத்தைக் கெடுக்கும், பசியைக் கூட்டும், முகத்தை ஊத வைக்கும், சர்க்கரையை ஏற்றும், எரிச்சலையும் அழுகையையும் கொண்டுவரும். இதை முன்கூட்டியே எடுத்துச் சொல்லும் இடங்கள் குறைவு. அதனால் வீட்டில், "அவளுக்குக் குணமே மாறிப்போச்சு, புத்தி பிசகிப்போச்சு" என்று பேச்சு கிளம்புகிறது. மாத்திரையின் வேலையை அவளுடைய குணத்தின் மேல் எழுதிவிடுகிறார்கள்.

ஆய்வுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள்

புதிய புற்றுநோய் மருந்து ஒன்றைச் சோதிக்கும்போது யாரைச் சேர்க்கலாம், யாரை விலக்கலாம் என்று ஒரு பட்டியல் போடுவார்கள். மூளைக்கு நோய் பரவியவர்கள், குறிப்பாக மூளையில் நோய் வளர்ந்துகொண்டிருப்பவர்கள், பல ஆண்டுகளாக விலக்கப்பட்டோர் பட்டியலிலேயே இருந்தார்கள். இவர்கள் சீக்கிரம் இறந்துவிடுவார்கள், முடிவுகளின் கணக்கு கெட்டுவிடும், மருந்து மூளைக்குள் போகாது என்பவை சொல்லப்பட்ட காரணங்கள். மருந்து போகுமா போகாதா என்பதை அவர்களிடம் சோதிக்காமல் எப்படித் தெரிந்துகொள்வது? சோதிக்காததால் சான்று இல்லை, சான்று இல்லாததால் மருந்து இல்லை, மருந்து இல்லாததால் சீக்கிரம் இறக்கிறார்கள். சீக்கிரம் இறப்பதால் அடுத்த ஆய்விலும் சேர்ப்பதில்லை.

இந்த வட்டத்தை உடைத்துக் காட்டிய ஆய்வு ஒன்று உண்டு. ஹெர்2கிளைம்ப் என்ற அந்த ஆய்வு 612 பேரைச் சேர்த்தது. அவர்களில் 291 பேருக்கு, அதாவது ஏறத்தாழ பாதிப் பேருக்கு, மூளையில் நோய் இருந்தது. அவர்களில் மூளையில் நோய் வளர்ந்துகொண்டிருந்தவர்களும் உண்டு. டிராஸ்டுசுமாப், கேப்சிடபின் ஆகிய பழைய மருந்துகளோடு டுகாடினிப் என்ற மாத்திரையைச் சிலருக்கும், வெற்று மாத்திரையைச் சிலருக்கும் கொடுத்தார்கள். மூளைப் பரவல் இருந்தவர்களில் டுகாடினிப் பெற்ற நால்வரில் ஒருவருக்கு ஓராண்டு கழித்தும் நோய் முன்னேறவில்லை. வெற்று மாத்திரை பெற்றவர்களில் அந்தக் கணக்கு பூஜ்யம். தொடர்ந்து கவனித்ததில், இவர்களின் இடைநிலை வாழ்நாள் 12.5 மாதத்திலிருந்து 21.6 மாதமாக உயர்ந்திருந்தது. 2020-இல் அமெரிக்காவில் இந்த மருந்துக்கு அனுமதி கிடைத்தது. மூளைப் பரவல் உள்ளவர்களைக் காரணமின்றி விலக்க வேண்டாம் என்று அந்நாட்டு மருந்து ஆணையம் வழிகாட்டுதல் வெளியிட்டதும் அதே ஆண்டில்தான்.

அடுத்து டிராஸ்டுசுமாப் டெருக்ஸ்டெகான் வந்தது. மூளைக்குள் நுழையாது என்று எழுதிவைக்கப்பட்ட பெரிய மூலக்கூறு வகையைச் சேர்ந்தது அது. 2024-இல் வெளியான டெஸ்டினி-பிரெஸ்ட்12 ஆய்வில், மூளைப் பரவல் இருந்த 263 பேரில் பத்துக்கு ஆறு பேருக்கு ஓராண்டு கழித்தும் நோய் முன்னேறவில்லை. புத்தகத்தில் இருந்த ஊகம் தவறென்று நோயாளிகளின் உடல்கள் காட்டின. காட்டுவதற்கு அவர்களை உள்ளே விட வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

டிராஸ்டுசுமாப் முதன்முதலில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஆண்டு 1998. அதற்கும் 2020-க்கும் இடையே 22 ஆண்டுகள். அந்த ஆண்டுகளில் ‘எப்படியும் போகப்போகிறவர்கள்’ என்று வாசலில் நிறுத்தப்பட்ட பெண்களின் எண்ணிக்கை எந்த ஆய்வு அறிக்கையிலும் இல்லை.

பன்னிரண்டு சொற்கள்

மூளைப் பரவலுக்குப் பல பத்தாண்டுகளாகக் கொடுக்கப்பட்டுவரும் மருத்துவம் மூளை முழுவதற்கும் கதிர்வீச்சு. பெரும்பாலும் பத்து நாள். கட்டி இருக்கும் இடம், இல்லாத இடம் எல்லாவற்றுக்கும் சேர்த்து. இன்னொரு முறையில், கட்டி இருக்கும் புள்ளியில் மட்டும் கதிர்களைக் குவித்துக் கொடுப்பார்கள். ரேடியோசர்ஜரி என்பது அதுதான். காமா நைஃப், சைபர் நைஃப் என்ற பெயர்களில் கேட்டிருப்போம். நல்ல லீனியர் ஆக்ஸிலரேட்டர் இயந்திரத்திலும் அதைச் செய்யலாம்.

அமெரிக்காவின் எம்.டி. ஆண்டர்சன் மருத்துவமனை ஆய்வாளர்கள் பாதியில் நிறுத்திய ஒரு சோதனையின் முடிவு 2009-இல் வெளியானது. மூளையில் ஒன்று முதல் மூன்று கட்டிகள் உள்ளவர்களில் ஒரு குழுவுக்கு ரேடியோசர்ஜரி மட்டும், மற்றொரு குழுவுக்கு அதோடு முழு மூளைக் கதிர்வீச்சும் கொடுத்திருந்தார்கள். நினைவாற்றலைச் சோதித்த முறை எளிமையானது. பன்னிரண்டு சொற்களைப் படித்துக் காட்டுவார்கள். கேட்டவர் திருப்பிச் சொல்ல வேண்டும். முழு மூளைக் கதிர்வீச்சையும் பெற்றவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு, 52 சதவீதம் பேருக்கு, நான்கே மாதத்தில் நினைவாற்றல் சரிந்துவிடும் என்று கணக்கு காட்டியது. மற்றக் குழுவில் அது 24 சதவீதம். 58 பேரோடு ஆய்வை நிறுத்தினார்கள்.

2016-இல் 213 பேரிடம் நடந்த மற்றோர் ஆய்வின் முடிவும் அதே திசையில்தான் இருந்தது. மூன்று மாதத்தில் அறிவுத்திறன் குறைந்தவர்கள் ஒரு குழுவில் 63.5 சதவீதம், முழு மூளைக் கதிர்வீச்சும் பெற்ற குழுவில் 91.7 சதவீதம். வாழ்நாளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. நுரையீரல், மார்பகம் எனப் பலவகைப் புற்றுநோய்களிலிருந்து மூளைக்குப் பரவியவர்கள் இந்த ஆய்வுகளில் இருந்தார்கள். முழு மூளைக் கதிர்வீச்சு, புதிய கட்டிகள் தோன்றுவதைத் தடுப்பதில் மேலானது என்பதும் உண்மை. கட்டிகள் எண்ணிக்கையில் அதிகமாகச் சிதறிக் கிடக்கும் பெண்ணுக்கு அதுவே சரியான மருத்துவமாக இருக்கலாம். அந்தச் சிகிச்சையே கூடாது என்று நான் வாதிடவில்லை. இரண்டு மூன்று கட்டிகள் உள்ள பெண்ணுக்கும் வேறு வழி இருப்பதையே சொல்லாமல் அதைக் கொடுத்து அனுப்புவதைத்தான் எதிர்க்கிறேன்.

"ஏழை நாட்டில் இதெல்லாம் ஆடம்பரம்" என்ற பதிலை நன்கு அறிவேன். ரேடியோசர்ஜரிக்கு இயந்திரமும் பயிற்சி பெற்ற இயற்பியலாளரும் தேவை, அரசு மருத்துவமனையில் வரிசை நீளம், எல்லாம் சரி. மெமன்டினுக்கு என்ன பதில்? அல்சைமர் நோயாளிகளுக்குக் கொடுக்கப்படும் பழைய மாத்திரை அது, காப்புரிமை முடிந்தது. முழு மூளைக் கதிர்வீச்சைத் தவிர்க்க முடியாதபோது, நினைவைக் காக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதியை விலக்கிக் கதிர் கொடுத்து, கூடவே மெமன்டினும் கொடுத்தால் அறிவுத்திறன் இழப்பு குறைகிறது என்று 518 பேரிடம் நடந்த ஆய்வு 2020-இல் காட்டியது. இயந்திரம் இல்லாத ஊரிலும் மாத்திரை கொடுக்கலாம். கதிர்வீச்சுக்கு முன்பும் பின்பும் பன்னிரண்டு சொற்களைப் படித்துக் காட்டிச் சோதிக்கலாம். அதற்கு ஒரு தாளும் ஒரு செவிலியரும் கொஞ்சம் நேரமும் போதும். அதைக்கூடச் செய்யாததற்குக் காரணம் வறுமையா?

வேறு காரணம் இருக்கிறது. அவள் நினைவாற்றலால் என்ன பயன் என்று யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை, ஆனால் அந்தக் கேள்வி அங்கே இருக்கிறது. சமையலுக்கு எவ்வளவு நினைவு வேண்டும் என்ற எண்ணம். எந்தச் சீட்டு எப்போது முடிகிறது, அடகுச் சீட்டு எந்த டப்பாவில் இருக்கிறது, மாமியாருக்கு எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது, மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குக் கடைசி நாள் எது என்று ஒரு குடும்பத்தின் கணக்குப் புத்தகம் முழுவதும் இருப்பது அந்தத் தலைக்குள்தான். தறியில் நூல் எண்ணுபவளும், வகுப்பில் பாடம் எடுப்பவளும், வங்கியில் கணக்குப் பார்ப்பவளும் தங்கள் வேலையை அந்தத் தலையால்தான் செய்கிறார்கள். இவற்றுக்கெல்லாம் பயன்படாவிட்டாலும், தன் கடைசி மாதங்களில் தன் பிள்ளைகளின் பெயர் தனக்கு நினைவிருக்க வேண்டும் என்று ஒரு பெண் கேட்பது ஆடம்பரம் ஆகாது.

விலை என்னும் சுவர்

மூளையின் தடுப்பைத் தாண்ட மருந்துகள் வந்துவிட்டன. விலையின் தடுப்பைத் தாண்டுவதுதான் இப்போது கடினம். 2012-இல் இந்தியாவில் டிராஸ்டுசுமாப் மருத்துவத்துக்கு மாதம் லட்ச ரூபாய் ஆனது. பெண்ணியச் செயற்பாட்டாளர் கல்யாணி மேனன்-சென் உள்ளிட்டோர் அந்த மருந்து எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்று இயக்கம் நடத்தினார்கள். அதே ஆண்டில்தான் சிறுநீரக, கல்லீரல் புற்றுநோய்க்கான சோராஃபெனிப் மருந்துக்கு இந்தியா கட்டாய உரிமம் வழங்கியிருந்தது. மாதம் சுமார் 2,80,000 ரூபாய் விலை சுமார் 8,800 ரூபாயாக இறங்கியது. டிராஸ்டுசுமாபுக்கும் அப்படிச் செய்யுங்கள் என்றார்கள். அரசு செய்யவில்லை. ஆனால் அழுத்தம் கூடியது. 2013-இல் ரோஷ் நிறுவனம் தன் காப்புரிமையைக் கைவிட்டது. அடுத்த ஆண்டே இந்திய நிறுவனத்தின் மாற்று மருந்து சந்தைக்கு வந்தது. பெண்கள் தெருவில் இறங்கிக் கேட்டதற்கு அதில் பங்குண்டு.

அதற்குப் பிறகு கட்டாய உரிமம் என்ற கருவியை இந்தியா பூட்டியே வைத்திருக்கிறது. 2022-இல் கேரள உயர் நீதிமன்றத்தில், பரவிய மார்பகப் புற்றுநோய் கொண்ட ஒரு பெண், தனக்குத் தேவையான ரைபோசிக்ளிப் மருந்துக்கு மாதம் 58,000 ரூபாய்க்கு மேல் ஆகிறது, கட்டாய உரிமம் வழங்க ஆணையிடுங்கள் என்று வழக்குத் தொடுத்தார். வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே அதே ஆண்டில் அவர் இறந்தார். அரசுகளுக்கு அவசரம் இல்லை, நோய்க்கு இருந்தது.

2024 பட்ஜெட்டில் டிராஸ்டுசுமாப் டெருக்ஸ்டெகானுக்குச் சுங்க வரி விலக்கு அளித்தார்கள். வரவேற்போம். ஆனால் மூன்று வாரத்துக்கு ஒருமுறை லட்சங்களில் செலவாகும் ஒரு மருந்துக்கு வரி விலக்கு என்பது, மூடிய கதவுக்கு வெள்ளையடிப்பது போன்றது. அரசுக் காப்பீட்டின் உச்சவரம்போ ஆண்டுக்கு 5 லட்சம், அதுவும் ஒரு குடும்பத்துக்கு. குடும்பம் என்ற பானையிலிருந்து கடைசியாகப் பரிமாறிக்கொள்பவள் யார் என்பதைத் தமிழ்ப் பெண்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. "எனக்கு எதுக்கு இவ்வளவு செலவு" என்று அவளே சொல்லும்படி வளர்த்திருக்கிறோம். பிறகு, நோயாளியே வேண்டாம் என்றுவிட்டார் என்று எழுதிக்கொள்கிறோம்.

யார் கையெழுத்து?

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. சமீரா கோலி வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 44 வயதான ஒரு பெண், பரிசோதனைக்காக மயக்கத்தில் இருந்தபோது, மருத்துவர் அவருடைய தாயிடம் ஒப்புதல் வாங்கிக் கருப்பையையும் சூலகங்களையும் அகற்றிவிட்டார். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, முடிவெடுக்கும் திறனுள்ள வயதுவந்த ஒருவருக்குப் பதிலாகத் தாய்கூட ஒப்புதல் தர முடியாது என்றது நீதிமன்றம். தாய்க்கே இல்லாத உரிமை கணவனுக்கும் மகனுக்கும் எங்கிருந்து வந்தது?

மூளையில் கட்டி இருப்பதும் முடிவெடுக்கும் திறன் போய்விடுவதும் ஒன்றல்ல. கட்டி எந்த இடத்தில், எவ்வளவு பெரிது, வீக்கம் குறைந்திருக்கிறதா என்பதையெல்லாம் பொறுத்தது அது. காலையில் தெளிவாக இருப்பவர் மாலையில் களைத்துக் குழம்பலாம். அப்படியென்றால் காலையில் கேட்க வேண்டும். உண்மையிலேயே திறன் போய்விடும் நாள் ஒன்று வரலாம். அந்த நாளுக்காகத்தான் முன்கூட்டியே விருப்பத்தை எழுதிவைக்கும் உரிமையை 2018-இல் உச்ச நீதிமன்றம் அங்கீகரித்தது. 2023-இல் நடைமுறையை எளிதாக்கி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி முன்னிலையில் கையெழுத்திட்டால் போதும் என்றது. ஆனால் நோயின் பெயரையே அவளிடம் மறைக்கும் வீட்டில் அவள் எதை எழுதிவைப்பாள்? "தெரிஞ்சா தாங்க மாட்டா" என்கிறார்கள். பிள்ளைப்பேறு, அறுவை, கீமோ எல்லாவற்றையும் தாங்கியவள்தான் அவள். அந்தச் செய்தியைத் தெரிந்துகொண்ட அவளை எதிர்கொள்ளும் தெம்பு சுற்றி இருப்பவர்களுக்குத்தான் இல்லை.

அக்டோபருக்குப் பிறகு

ஆண்டுதோறும் அக்டோபரில் ஊரெங்கும் இளஞ்சிவப்பு ரிப்பன். மாரத்தான் ஓட்டம், மேடையில் மீண்டு வந்தவர்கள். அவர்களுக்கு என் வணக்கம். ஆனால் மீள முடியாதவர்களை எந்த மேடையிலும் பார்க்க முடிவதில்லை. 2022-இல் மட்டும் இந்தியாவில் சுமார் 98,000 பெண்கள் மார்பகப் புற்றுநோயால் இறந்திருக்கிறார்கள் என்கிறது உலகப் புற்றுநோய்க் கணக்கீடு. ‘சீக்கிரம் கண்டுபிடித்தால் குணப்படுத்தலாம்’ என்ற வாசகம் உண்மை. ஆனால் அதை மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தால், பரவிய நிலையில் இருக்கும் பெண்ணிடம், நீ தாமதித்தாய் என்று சொல்வதாகவே முடிகிறது. பெண்ணிய எழுத்தும் மார்பை இழப்பது பற்றி நிறையப் பேசியிருக்கிறது, பேச வேண்டியதுதான். மூளைக்கு நோய் போன பெண்ணிடம் அதுவும் இன்னும் சரியாக வந்து சேரவில்லை.

நாம் கேட்க வேண்டியவை கைக்கெட்டாதவை அல்ல. மார்பகப் புற்றுநோய் வரலாறு உள்ள பெண் புதிய தலைவலி என்றால், அரசு மருத்துவமனையில் காத்திருப்புப் பட்டியல் இல்லாமல் எம்.ஆர்.ஐ. வேண்டும். மூளைக் கதிர்வீச்சுக்கு முன்னும் பின்னும் நினைவாற்றல் சோதனையும், தேவைப்படுவோருக்கு மெமன்டினும் கட்டாயமாக வேண்டும். மண்டலத்துக்கு ஒரு அரசு மருத்துவக் கல்லூரியிலாவது ரேடியோசர்ஜரி வேண்டும். இந்தியாவில் நடக்கும் மருந்து ஆய்வுகளில் மூளைப் பரவல் உள்ளவர்களைக் காரணம் எழுதாமல் விலக்கக் கூடாது. பூட்டிவைத்த கட்டாய உரிமத்தை வெளியே எடுக்க வேண்டும். ஒப்புதல் படிவத்தில் அவள் பெயர் இருக்கும் இடத்தில் அவளே கையெழுத்திட வேண்டும்.

முத்துலட்சுமி ரெட்டி 1923-இல் தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். புற்றுநோய்க்கென்று ஒரு மருத்துவமனை வேண்டும் என்று அவர் கேட்டபோது, எப்படியும் இறக்கப்போகிறவர்களுக்கு மருத்துவமனை எதற்கு என்ற பதில் அரசுத் தரப்பிலிருந்தே வந்ததை டாக்டர் வி. சாந்தா பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். அவரும் இந்திய மாதர் சங்கப் பெண்களும் பணம் திரட்டினார்கள். 1954-இல் அடையாறில் 12 படுக்கைகளோடு அந்த மருத்துவமனை திறந்தது. எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு அதே ‘எப்படியும்’ இன்னும் அதிகச் சன்னமான குரலில், மூளைக்கு நோய் பரவிய பெண்களை நோக்கிச் சொல்லப்படுகிறது. மேலே உள்ள கோரிக்கைகளை மனுவாக எழுதுவோம். மாதர் அமைப்புகள், மருத்துவர்கள், செவிலியர்கள் எல்லோரும் கையெழுத்திடட்டும். முதல் கையெழுத்து அந்த நோயோடு வாழும் ஒரு பெண்ணுடையதாக இருக்கட்டும்.